அந்திமலரும் திருநந்தவனமும்

திருச்சிற்றம்பலம்

சிவபெருமானை வழிபடுதற்குரிய உபகரணங்களுள் நீரும் பூவும் தலையாயின என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அவற்றுள் நீர் எப்பொழுதும் கிடைப்பது. பூவோ தனக்கென ஒரு பொழுதுடையது. தாமரை ஞாயிறு கண்டு விரியும்; ஆம்பலும் முல்லையும் ஞாயிறு மறையுங்கால் இதழ் நெகிழும். மாலைப் பொழுதில் அலர்ந்து மணங்கமழும் பூக்களை அந்திமலர் எனப் பொதுப்பெயராற் சுட்டி, அவை தமிழ் மக்களது வாழ்விலும் சிவவழிபாட்டிலும் பெற்றுள்ள இடத்தை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வீட்டு முற்றத்துக்கு அழகு செய்யும் செடிகள் என்று இன்று பலராலும் கருதப்படும் இவையே, திருநந்தவனம் என்னும் அமைப்பினை இன்றியமையாததாகச் செய்தன என்பது ஆராய்ச்சி முடிவில் விளங்கும்.

புதுச்சேரியினின்றும் கடலூருக்குச் செல்லும் பெருவழியில் தவளக்குப்பம் என்னும் ஊர் உளது. தவளம் என்னும் சொல்லுக்கு வெண்மை என்பது பொருள். அந்திமலர்களுட் பெரும்பாலன வெண்ணிறத்தன ஆதலின், அப்பெயரைக் கேட்குந்தோறும் முல்லையும் மல்லிகையும் நினைவுக்கு வருதல் இயல்பே. அவ்வூரைச் சூழ்ந்த நாடு பூவோடும் சைவத்தோடும் பழந்தொடர்பு உடையது. தெற்கே, பாதிரி மரத்தைத் தலமரமாகக் கொண்டு அதன் பெயராலேயே வழங்கும் திருப்பாதிரிப்புலியூர் உளது. கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட திருநாவுக்கரசு சுவாமிகள் கரையேறிய இடம் அதன் மருங்கில் உள்ளதேயாம். தென்மேற்கே, அவர் தமக்கையார் திலகவதியார் திருவலகும் திருமெழுக்கும் இட்டு, மலர் கொய்து மாலை தொடுத்துத் தொண்டு செய்த திருவதிகை விளங்குகின்றது. சித்தாந்த முதனூல் தந்த மெய்கண்ட தேவர் எழுந்தருளியிருந்த திருவெண்ணெய்நல்லூரும், அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியாரது திருத்துறையூரும் அந்நடுநாட்டினவே. ஆதலின் தவளக்குப்பத்தைச் சார்ந்த சைவர்க்குப் பூத்தொண்டு புதியதொன்றன்று. தம் நாட்டுப் பழஞ்செல்வமேயாம்.

போதும் பொழுதும்

தமிழ் நூலார் பூவின் பருவங்களை அரும்பு, போது, மலர், அலர், வீ, செம்மல் என வேறுவேறு பெயரிட்டு வழங்கினர். இவற்றுள் போது என்பது இதழ் விரியும் செவ்வி எய்திய அரும்பினைக் குறிக்கும். அச்சொல்லே பொழுது என்னும் பொருளும் உடைத்து. மலரும் செவ்விக்கும் காலத்துக்கும் ஒரு சொல்லே வழங்குதல் கருதத்தக்கது. கடிகையும் நாழிகை வட்டிலும் இல்லாத வீடுகளில் பூவே பொழுதறிவித்தது என்பதற்குச் சங்கநூலிலே சான்றுண்டு.

நக்கீரனார் பாடிய நெடுநல்வாடையில் ஒரு செய்தி வருகின்றது. மழை இடையறாது பெய்து, வானம் இருண்டு, பகலும் இரவும் வேறுபாடு தோன்றாத கூதிர்க்காலம். ஞாயிறு மறைந்ததோ இல்லையோ என்று அறியமாட்டாத நிலை. அந்நிலையில் மகளிர் பித்திகையின் முற்றிய அரும்புகளைப் பூந்தட்டில் இட்டு வைத்திருக்கின்றனர். அவை இதழ்விரிந்து மணக்கின்றன. அம்மணத்தால் மாலை வந்ததென்று உணர்ந்து, விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். பித்திகை என்பது இக்காலத்துப் பிச்சி எனவும் சாதிமல்லிகை எனவும் வழங்கும் கொடியேயாம். பூ மலர்தல், பொழுதறிதல், விளக்கேற்றல், தொழுதல் என்னும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாய் அங்கே தொடர்ந்து நிற்றல் காண்க. இன்றும் நம் இல்லங்களில் அந்திவிளக்கேற்றிப் பூவிட்டு வணங்கும் வழக்கத்தின் தொன்மை இதனாற் புலனாகும்.

முல்லைப்பாட்டில் நப்பூதனார் இதனை ஒத்ததொரு செய்தியைக் கூறுவர். முதுபெண்டிர் மாலைக்காலத்தே ஊர்ப்புறஞ் சென்று, நாழியிற் கொண்ட நெல்லோடு அப்பொழுது அலரும் முல்லைப் பூவையும் தூவித் தெய்வம் பராவி, நற்சொற் கேட்டு நிற்கின்றனர். மாலையும் காரும் முல்லைத்திணைக்குரிய பொழுதுகளாகத் தொல்காப்பியனார் வகுத்ததும் அப்பூவின் இயல்பு நோக்கியே என்பது துணிபு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் எண்ணிய 99 பூக்களுள் முல்லை, மௌவல், பித்திகம், ஆம்பல் ஆகிய அந்திமலர்களும் இடம்பெற்றுள. இவற்றால், அந்திமலர் காதலர்க்கேயுரிய அணி என்று கருதுதல் பொருந்தாதென்பதும், சங்ககாலத்திலேயே அது வழிபடு பொருளாகவும் வழிபடுபொழுதினை அறிவிக்கும் மணியாகவும் விளங்கிற்றென்பதும் தெளியப்படும்.

இப்பூக்கள் வெண்மையும் மிகுமணமும் உடையனவாதற்குக் காரணத்தை இக்காலத்துத் தாவரநூலார் நன்கு விளக்குவர். பகலில் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் நிறங்காட்டி அழைக்கும் பூக்கள் போலாது, அந்திமலர்கள் இருளில் திரியும் அந்துப்பூச்சிகளை அழைத்து மகரந்தம் பரப்புவன. இருளிற் செந்நிறம் தோன்றாது, வெண்மை தோன்றும். அதனினும் தொலைவிற் செல்வது மணம். கண்ணாற் காண இயலாத இடத்தும் மணத்தால் உள்ளதென்று உணரப்படுதல் இவற்றின் இயல்பு. உயிரினுள் சிவம் விரவி நிற்கும் நிலைக்குப் பூவும் மணமும் உவமையாக நம் ஆசிரியர்களால் எடுத்தாளப்பட்டமை, அந்திமலர் மணத்தை இருளில் நுகர்ந்தார்க்கு எளிதில் விளங்கும்.

அடியார் கைத்தொண்டு

சங்ககாலத்தில் இல்லந்தோறும் நிகழ்ந்த இவ்வழிபாடு, திருத்தொண்டர் காலத்தில் திருக்கோயிற் பணியாக விரிந்தது. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் சரிதம் இதற்குத் தலையாய சான்று. அவர் வைகறையில் எழுந்து நீராடிச் சென்று, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகையினையும் வெவ்வேறு கூடைகளில் அமைத்து, கோவை, இண்டை, கண்ணி, தொடையல் முதலாகப் பலதிறப்பட்ட மாலைகளாகச் சமைத்துச் சாத்தினார் என்று சேக்கிழார் சுவாமிகள் அருளியுள்ளார். அங்ஙனம் கொய்தற்குரிய செவ்வியையும் அவர் குறிப்பிடாமல் விட்டாரல்லர். இறைவன் திருமுடியின் மேற் சென்ற பின்னரே மணம் வெளிப்படுமாறு, மலரத் தொடங்கும் பதத்திலேயே நாயனார் பூக்களை எடுத்தார் என்பது அவர் உரையின் கருத்து. திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருப்புகலூர் வர்த்தமானீச்சரப் பதிகத்தில் இம்முருகர் முப்போதும் செய்த வழிபாட்டினைச் சுட்டியிருத்தலின், ஏழாம் நூற்றாண்டிலேயே காலைக்குரிய பூவும் மாலைக்குரிய பூவும் வேறாகத் தேடப்பட்டன எனக் கொள்ளுதல் தகும்.

பூவின் மணம் முதற்கண் இறைவற்கே உரியது என்னும் கொள்கையை நிலைநாட்டிய வரலாறு இரண்டு பெரியபுராணத்தில் உள. கருவூரில் சிவகாமியாண்டார் கொணர்ந்த திருப்பூங்கூடையை அரசனது பட்டத்துயானை பறித்துச் சிந்த, எறிபத்த நாயனார் அவ்யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். திருவாரூரில் பூமண்டபத்தின் பாங்கர் வீழ்ந்து கிடந்த பூவொன்றை எடுத்து மோந்த பட்டத்தரசியின் மூக்கினைச் செருத்துணை நாயனார் அரிந்தார். அதனை அறிந்த கழற்சிங்க நாயனார், முதலிற் குற்றஞ்செய்தது பூவை எடுத்த கையே என்று அதனையும் துணித்தார். இக்காலத்தார்க்கு இவை கொடியனவாகத் தோன்றலாம். ஒரு கூடைப் பூவினுள் அடங்கியிருந்த உழைப்பையும் அன்பையும் அறிந்தவர்க்கே அவர்தம் சினத்தின் அளவு விளங்கும்.

ஈண்டு ஒரு வினா எழும். முற்றத்தில் முல்லை வளர்ப்பவன் அதன் மணத்தை நுகராதிருத்தல் எவ்வாறு இயலும் என்று சிலர் கேட்பர். காற்று கொணரும் மணம் யாவர்க்கும் பொது. அதனை நுகர்தல் குற்றமாகாது. இறைவற்கென்று கொய்யப்பட்டதனைத் தன்பொருட்டு எடுத்து மோந்தமையே அரசியின் பிழை என்க.

நெருங்கிய விதியும் நந்தவனத்தின் தேவையும்

பூசைக்கு ஆகாத பூக்கள் இவையென மடங்களில் மாணாக்கர்க்கு இளமையிலேயே கற்பிக்கப்படும். பழம்பூ ஆகாது, உதிர்ந்த பூ ஆகாது, விரியாத அரும்பு ஆகாது, இரவிற் பறித்த பூ ஆகாது, பறித்து வைத்தபின் அலர்ந்த பூவும் ஆகாது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் சைவ வினாவிடையில் புட்பம் எடுக்கும் முறைமையைத் தெளிவுற வகுத்துள்ளார்கள். கமலை ஞானப்பிரகாசர் இப்பொருள் பற்றியே புட்பவிதி எனத் தனிநூல் ஒன்று இயற்றினார்.

இவ்விதிகளை அந்திமலரோடு பொருத்தி நோக்குமின். பகலிற் பறிப்பின் அது அரும்பு. இருள் சூழ்ந்தபின் பறிப்பின் இரவுப்பூ. விடியலில் நாடிச் செல்லின், பவளமல்லியும் மகிழும் போல்வன தரையில் உதிர்ந்து கிடக்கும். முல்லையும் மல்லிகையும் மணங்குன்றி வாடத் தொடங்கும். காலையிற் கொய்து மாலைவரை வைத்தாலோ, அது வைத்தலர்ந்த பூவாய்விடும். ஆகவே அந்திமலரைக் கொய்தற்குரிய காலம், ஞாயிறு மேலைவானிற் சாய்ந்து இருள் வருமுன் உள்ள சிறு பொழுதேயாம். அதுவே சாயரட்சைப் பூசைக்கும் பிரதோட வழிபாட்டுக்கும் உரிய பொழுது. அச்சிறு பொழுதினுள் கொய்து, தொடுத்து, திருமுன் சேர்த்தல் வேண்டுமாயின், செடி எங்கே நிற்றல் வேண்டும்? திருக்கோயிலுக்கு அயலிலேயே நிற்றல் வேண்டும். காலைப்பூவைப் பிறவூரிலிருந்து கொணர்ந்தாலும் ஓரளவு ஒக்கும். அந்திப்பூவோ அங்ஙனம் காத்திராது. நந்தவனம் கோயிலின் அழகுக்கென அமைந்ததன்று, விதி பிறழாமைப் பொருட்டு அமைந்தது என்று யாம் கூறுவது இதனாலேயாம்.

பவளமல்லிக்கு மட்டும் வழக்கத்தில் ஒரு விலக்கு உண்டு. அது தானே தரையில் உதிர்வது. உதிர்ந்ததைப் பொறுக்கிச் சாத்துதலும் ஏற்புடையதென்று அடியார்கள் கொண்டனர். கிளையினின்று பறித்தற்கு முன்னரே தன்னைத் தானே ஈந்துவிடும் பூவுக்கு இத்தனிச்சலுகை பொருத்தமே. பாரிசாதம் எனப்பெறும் அம்மரம் சீகாழியில் தலமரமாக விளங்குகின்றது. திருக்களர் இறைவற்குப் பாரிசாதவனநாதர் என்றே திருநாமம். முல்லையும் இவ்வாறே தலங்களுக்குப் பெயர் தந்தது. வடதிருமுல்லைவாயிலும் தென்திருமுல்லைவாயிலும் திருக்கருகாவூரும் முல்லைவனத் தலங்கள். அவ்விடங்களில் காடாயிருந்த கொடியே கோயிலுக்கு மூலமாயிற்று என்பர். முதலில் பூ, பின்னரே கோயில் என்னும் முறைமை அத்தலபுராணங்களிற் புலப்படும்.

கல்வெட்டுக்களில் நந்தவனம்

சோழர் காலக் கல்வெட்டுக்களைப் பயில்வோர் திருநந்தவனப்புறம், திருப்பள்ளித்தாமம் என்னும் தொடர்களை அடிக்கடி காண்பர். நந்தவனத்தின் பொருட்டு இறையிலியாக விடப்பட்ட நிலம் முன்னது; இறைவற்குச் சாத்தும் மாலை பின்னது. நிலத்தைக் கொத்துவோர், நீர் இறைப்போர், பூப்பறிப்போர், மாலை கட்டுவோர் ஆகியோர்க்கு நெல்லும் உடையும் இவ்வறக்கட்டளைகளால் வகுக்கப்பட்டன. அரசர், அரசியர், அதிகாரிகள், வணிகர், ஊர்ச்சபையார் எனப் பலதிறத்தாரும் இவ்வறத்தைச் செய்துளர்.

நந்தாவிளக்குக்குச் செய்த அறத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தஞ்சை இராசராசேச்சரத்தில் விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் நிற்றலின் தொகை குறையாது. இங்ஙனம் விளக்கறம் ஒருமுறை செய்தால் தானே தொடர்ந்து செல்லும். பூவறமோ அத்தகையதன்று. ஒரு திங்கள் நீரின்றேல் செடி பட்டுப்போம். ஓர் ஆண்டு கவாத்தின்றேல் பூ அருகும். நாள்தோறும் ஒரு கை அதனைத் தொடுதல் வேண்டும். ஆதலின் விளக்குக்கு ஆடு நின்றாற்போல நந்தவனத்துக்கு ஆள் நிற்றல் இன்றியமையாததாயிற்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தாதமார்க்கமாகிய சரியைத் தொண்டுகளை எண்ணுமிடத்து, திருவலகு, திருமெழுக்கு, மலர் கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கேற்றல் ஆகியவற்றோடு திருநந்தவனம் அமைத்தலையும் கூறியமை இதனை உட்கொண்டே.

தவளக்குப்பத்துக்கு அண்மையிலுள்ள பாகூரில் சோழர் கல்வெட்டுக்களையுடைய திருமூலநாதர் திருக்கோயில் உளது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் அளிக்கப்பெற்ற வித்தியாஸ்தானமும் அவ்வூரிலேயே விளங்கிற்று. கல்விக்கு ஊர்களை ஈந்த நாட்டில், பூவுக்கு நிலம் ஈதல் அரிய செயலாகக் கருதப்பட்டிராது.

கடல் கடந்து வந்த மலர்கள்

தவளக்குப்பத்தின் வடக்கே, அரியாங்குப்பத்தாற்றின் கரையில் அரிக்கமேடு உளது. 1945-ஆம் ஆண்டில் வீலர் என்பாரும், 1947 முதல் 1950 வரை கசால் என்பாரும் அங்கு அகழ்ந்து, உரோமானிய மதுச்சாடிகளையும் கலங்களையும் கண்டெடுத்தனர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இக்கரை கடல்வழிப் பொருள்களை ஏற்ற துறையாயிருந்ததென்பது அதனால் உறுதிப்பட்டது. கடல்வழி வந்தவற்றுள் பிற்காலத்தில் மலர்ச்செடிகளும் அடங்கும்.

1498-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டை அடைந்தபின், அமெரிக்கக் கண்டத்துக்குரிய மிளகாய், முந்திரி முதலிய பயிர்கள் நம் நாட்டுக்கு வந்தமை பலரும் அறிந்தது. அக்கண்டத்தினின்று வந்த அந்திமலர்களைப் பலர் அறியார். நிலச்சம்பங்கி என்று நாம் வழங்கும் வெண்பூ மெக்சிகோ நாட்டுக்குரியது. கிழங்கினின்று முளைத்து, நீண்ட தண்டில் வரிசையாய் அரும்பி, மாலையில் விரிந்து இரவெல்லாம் மணப்பது. அந்திமந்தாரை, அந்திமல்லி எனப் பெயர் பெற்ற செடியும் அமெரிக்க வெப்பநாடுகளினது. பிற்பகல் நான்கு மணியளவில் அது மலர்தலின், சாயரட்சைப் பொழுதுக்கு முன்னரே விரிந்து நிற்கின்றது. சிறுமியர் அதனை நாரின்றியே காம்போடு காம்பு பின்னிச் சரமாக்குவர். இரவுராணியும் அக்கண்டத்தினதே. ஆண்டுக்குச் சில இரவுகளிலேயே பூத்து விடியுமுன் துவளும் கள்ளியினப் பூவொன்றைப் பிரம்மகமலம் என்று பெயரிட்டுப் பலர் விளக்கேற்றி வணங்குகின்றனர். அதுவும் மெக்சிகோ முதலிய நாடுகளினின்று வந்ததேயாம். இமயமலையில் விளையும் உண்மைப் பிரம்மகமலம் வேறு.

புதுச்சேரி வரலாற்றில் இப்பொருள் ஒரு முரணோடு கலந்துள்ளது. 1748-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினரால் வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்டது. அத்துயரச் செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பின்னர் அத்திருக்கோயில் வேறிடத்தே எழுப்பப்பெற்றது. ஒரு தலைமுறையினர் கோயிலை அழித்த அதே நகரில், பின்வந்த தலைமுறையினர் 1826-ஆம் ஆண்டில் தாவரவியற் பூங்கா ஒன்றினை நிறுவினர். பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவரநூலார் அங்குப் பல்லாண்டு உழைத்து 1870-ஆம் ஆண்டில் மறைந்தார். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாளில் நீங்கிற்று, பூங்கா நின்றது. ஆட்சிகள் வரும், போம். வேரூன்றிய செடி எந்நாட்டிலிருந்து வந்ததாயினும் ஊன்றிய மண்ணுக்கே உரியதாகும்.

தாழையும் ஊமத்தையும்

பிறநாட்டுப் பூக்களை இறைவற்குச் சாத்தலாமோ என்னும் ஐயம் சைவரிடையே உண்டு. புட்பவிதி கூறும் நூல்களில் நிலச்சம்பங்கி முதலியவற்றின் பெயர் இன்மையால் அவை ஆகா என்பர் ஒருசாரார். நூல் எழுந்த காலத்து இந்நாட்டிலில்லாத பூவினை அந்நூல் ஏற்கவுமில்லை, விலக்கவுமில்லை என்பதே நேரிய முடிபாம். அங்ஙனமாயின் எதனைக்கொண்டு துணிவது? நம் மண்ணிலேயே பிறந்த இரண்டு பூக்களின் வரலாறு இதற்கு வழிகாட்டும்.

நெய்தற்கரைகளில் வளர்வது தாழை. அதன் மணத்துக்கு ஈடான மணம் அரிது. பிறப்பாலும் அது நம் நாட்டதே. கபிலர் எண்ணிய பூக்களுள்ளும் ஒன்று. எனினும் சிவபூசைக்கு அது விலக்கப்பட்டது. அண்ணாமலையில் அடிமுடி தேடிய காலத்துப் பிரமன் பொருட்டுப் பொய்ச்சான்று கூறிற்றென்பது அதற்குப் புராணங் கூறும் காரணம். மற்றொன்று ஊமத்தை. அதுவும் அந்தியில் விரியும் வெண்பூவே. ஆயின் நஞ்சுடையது, பித்து விளைப்பது, எவரும் கூந்தலிற் சூடாதது. அதனைப் பெருமான் மத்தம் எனத் திருமுடியிற் கொண்டருளினான். மணமும் நற்பிறப்பும் உடையதாயினும் பொய்யுரைத்தது விலக்குண்டது. மணமும் மதிப்பும் இல்லாததாயினும் பிறரால் ஒதுக்கப்பட்டது ஏற்கப்பட்டது. இவற்றால் இறைவன் பூவிற் காண்பது பிறந்த நாட்டையன்று, மணத்தையுமன்று என்பது போதரும். கொல்லாமை, அருள், ஐம்பொறியடக்கல், பொறை, தவம், வாய்மை, அன்பு, அறிவு என்னும் எட்டினையும் நம் பெரியோர் அகப்பூசைக்குரிய மலர்கள் என வகுத்ததும் இக்கருத்தானேயாம்.

தென்னமெரிக்காவிற் பிறந்த நாகலிங்க மரம் இன்று சிவாலயங்களில் நின்று பூக்கின்றது. அதன் பூவின் வடிவிலே இலிங்கத்தையும் படமெடுத்த நாகத்தையும் அடியார்கள் கண்டனர். அவ்வன்பே அதற்குச் சைவப்பெயர் தந்தது. ஆதலின் தூய இடத்தில், தூய நீரால், தொண்டுள்ளத்தோடு வளர்க்கப்பட்ட அந்திமந்தாரையும் நிலச்சம்பங்கியும், விதி வெளிப்படையாக விலக்காதவரை, ஏற்புடையனவே என்பது எம் துணிபு. அவ்வத் திருக்கோயில் வழக்கம் வேறாயின் அவ்வழக்கத்தையே போற்றுதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கது

பூ எந்நாட்டது என்னும் வினாவினும் பெரிய வினா ஒன்றுளது. அது எவர் கையால் வளர்ந்தது என்பதே. இக்காலத்து அங்காடிக்கு வரும் மல்லிகை, விடியுமுன்னே அரும்பாகப் பறிக்கப்பெற்று, மூட்டையில் ஊர்விட்டு ஊர்சென்று, சரமாகத் தொடுக்கப்பட்டு, கடையிலேயே மாலையில் அலர்கின்றது. வைத்தலர்ந்த பூ ஆகாதென்ற விதி என்னாயிற்று? உழவரையோ வணிகரையோ யாம் பழிக்கின்றேமல்லேம். அவர்க்கு அது வாழ்வு. விலைக்கு வாங்கிச் சாத்துவோர் அன்பு பயனற்றதென்றும் கூறுகின்றேமல்லேம். நந்தவனத்துக்கென முன்னோர் விட்ட நிலம் இருந்தும் அது புதர்மண்டிக் கிடக்க, அதன் வாயிலிலேயே பூவை முழம்போட்டு வாங்குதல் பொருந்துமோ என்பதே எம் வினா.

இது பெரும்பொருள் வேண்டுஞ் செயலன்று. நீர் தேங்காத செம்மண்ணும் மணல்கலந்த மண்ணும் மல்லிகையினத்துக்கு உகந்தவை. முழ அளவு ஆழமும் அகலமும் உள்ள குழியெடுத்து, மட்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மழைப்பருவத்தில் வேர்விட்ட பதியன்களை நடுதல் வேண்டும். மல்லிகையைக் கார்த்திகையிலும், பிச்சியை மார்கழியிலும், முல்லையைத் தையிலும் கவாத்துச் செய்து, பட்ட கிளைகளைக் களைந்து எருவிடின், புதுத்தளிர் விட்டு மிகுதியாகப் பூக்கும். வெட்டுதற்கு அஞ்சுவோர் பூவை இழப்பர். பவளமல்லியை மதிலோரத்தில் நட்டு, அதனடியைப் பெருக்கி மெழுகித் தூய்மை செய்துவைப்பின், விடியற்காலையில் மரமே பூவினைப் பரப்பி வைக்கும். அந்திமந்தாரைக்கு அத்துணைப் பேணுதலும் வேண்டா. அதன் கருநிற விதை விழுந்தவிடத்தில் முளைக்கும். திருக்குளம் உள்ள இடத்தில் ஆம்பலும் சேருமாயின், கோட்டுப்பூவுக்குப் பவளமல்லி, கொடிப்பூவுக்கு முல்லை, நிலப்பூவுக்கு அந்திமந்தாரை, நீர்ப்பூவுக்கு ஆம்பல் என முருக நாயனார் கொய்த நால்வகையும் ஒரு சிறு நந்தவனத்திலேயே அந்திப்பொழுதுக்கு அமைந்துவிடும்.

தவளக்குப்பத்தைச் சூழ்ந்த ஊர்களிலும், பிற நாடுகளில் தமிழர் எடுத்துள்ள திருக்கோயில்களிலும், தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்கள் எங்கே தொடங்குவதென்று வினவுகின்றனர். சரியையிற் றொடங்குக. ஞானநூல் ஓதுதற்குக் காலமும் ஆசிரியரும் வேண்டும். ஒரு குடம் நீர் வார்த்தற்கு அவை வேண்டா. பூசைக்குரிய பொழுதினைக் கையிற்கட்டிய கடிகாரம் இன்று அறிவிக்கின்றது. அதனை நோக்கி ஓடி வருபவனுக்கும், தான் நீர்வார்த்த கொடி இதழ் நெகிழ்வது கண்டு பூக்கூடையை எடுப்பவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் பொழுதறிந்து வருகின்றான். பின்னவனுக்கோ போதும் பொழுதும் ஒன்றாய் நிற்கின்றன. திலகவதியார் திருவதிகையில் நாள்தோறும் செய்தது பெரும்பாலும் இவ்வெளிய தொண்டே. அத்தொண்டின் பயனாகவே தம்பியாரைச் சைவத்துக்கு மீட்டுத் தந்தார். ஒரு நந்தவனத்தினின்று உலகம் பெறக்கூடியது இத்துணைத்தென்று எவர் அளவிடவல்லார்?

திருச்சிற்றம்பலம்